அம்பாசிடர் மார்க் 2: மீட்டெடுப்பு, மாற்றியமைப்பு, முகப்புக் கிரில் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அப்பா ஓட்டிய 1967ஆம் ஆண்டு மார்க் 2 அம்பாசிடர் பதினெட்டு ஆண்டுகள் கொட்டகையில் கோணி போர்த்திக் கிடந்தது. அதை மறுபடி சாலைக்குக் கொண்டுவர மூன்றரை ஆண்டுகள் ஆயின. அந்தக் காரைப் பார்த்துவிட்டு, தம் வீட்டிலும் இப்படி ஒன்று நிற்கிறது என்று வந்து கேட்டவர்களின் கேள்விகளை இங்கே திரட்டியிருக்கிறேன். பாதிக்கு மேல் முகப்புக் கிரில்லை, அதாவது ரேடியேட்டருக்குக் காற்று போகும் முன்பக்கக் கட்டச் சட்டத்தை, பற்றியவை. அதனால் அந்தப் பகுதிதான் நீளம்.

என் காரில் இருப்பது அதற்குரிய கிரில்தானா?

ஆர்.சி. புத்தகத்தில் தயாரிப்பு ஆண்டைப் பாருங்கள். மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1957இல் அம்பாசிடர் உற்பத்தி தொடங்கியது. அதற்கு மூலமாக அமைந்தது இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் கார். 1962இல் நெருக்கமான கட்டங்கள் கொண்ட கிரில்லோடு முகம் மாறியது. அதுதான் மார்க் 2. 1975இல் மார்க் 3 வந்தது, 1979இல் மார்க் 4. மார்க் 4இல் கிரில் சிறுத்து, கட்டங்கள் பெருத்து, சதுர வடிவப் பார்க்கிங் விளக்குகள் தனியாகப் பிரிந்து நின்றன.

முகத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். அந்தக் காலத்தில் கார் எங்காவது மோதினால், பட்டறையில் எந்த ஆண்டின் முகப்புத் தகடு கிடைத்ததோ அதையே பொருத்தி அனுப்பிவிடுவார்கள். பழைய கார் புதிதாகத் தெரியட்டும் என்று உரிமையாளர்களே முகத்தை மாற்றியதும் உண்டு. என் காரிலும் பின்னாளைய கிரில்தான் இருந்தது. டாஷ்போர்டு, சேசிஸ் எண், ஆர்.சி. மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். வீட்டு ஆல்பத்தில் காரோடு எடுத்த பழைய புகைப்படம் கிடைத்தால் அதைவிட நல்ல சாட்சி வேறில்லை. எனக்கு அத்தையின் திருமணப் படம் உதவியது. மணமக்களுக்குப் பின்னால் பாதிக் கிரில் தெரிந்தது, அது போதுமானதாக இருந்தது.

அப்படியே மீட்டெடுப்பதா, என் விருப்பப்படி மாற்றியமைப்பதா?

இரண்டுமே நேர்மையான வழிகள்தான். நான் கடைப்பிடிக்கும் கோடு ஒன்று உண்டு: போல்ட் கழற்றினால் பழையபடி ஆகிவிடும் எந்த மாற்றத்தையும் தயங்காமல் செய்யலாம், தகட்டை வெட்டினால்தான் முடியும் என்னும் மாற்றத்துக்கு ஓர் ஆண்டு பொறுத்திருக்கலாம். இருக்கை, ஸ்டீயரிங், விளக்கு, கிரில் எல்லாம் முதல் வகை. கூரையைத் தாழ்த்துவது, மட்கார்டை அகலப்படுத்துவது, பெரிய எஞ்சினுக்காக அதற்கும் உள்ளறைக்கும் நடுவிலுள்ள முன்சுவரை வெட்டுவது எல்லாம் இரண்டாம் வகை. உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது. வெட்டி எறிந்த மார்க் 2 தகட்டை இனி எந்தத் தொழிற்சாலையும் அச்சடித்துத் தரப்போவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

வேலையைத் தொடங்கும் முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019இல் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. எஞ்சினை மாற்றுவதானால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்அனுமதி வேண்டும். நிறத்தை மாற்றினால் அதை ஆர்.சி.யில் பதிய வேண்டும். கிரில் பற்றி ஆர்.சி.யில் ஒரு வரியும் கிடையாது. ஆனாலும் கூர்முனைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கிரில் நடந்துபோகிறவர்களுக்கு ஆபத்து, அதைச் செய்யாதீர்கள்.

2021 ஜூலையில் வந்த மத்திய விதிகள் இன்னொரு வழியைத் திறந்தன. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த, வணிகப் பயன்பாட்டில் இல்லாத வாகனத்தை ‘விண்டேஜ்’ என்று பதியலாம். எண்பலகையில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். புதிய பதிவுக்கு ₹20,000, மறுபதிவுக்கு ₹5,000; பத்தாண்டுகள் செல்லும். இதற்குச் சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் எதுவும் இருக்கக் கூடாது. அதோடு, அப்படிப் பதிந்த காரை அன்றாடப் பயணத்துக்கு எடுக்க முடியாது. கண்காட்சி, பேரணி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே அனுமதி. காரை வாரந்தோறும் ஓட்ட விரும்புகிறவர்களுக்கு வழக்கமான பதிவைப் புதுப்பித்துக்கொண்டே போவதுதான் பொருத்தம். நான் அதைத்தான் செய்தேன்.

துருவை எங்கே தேடுவது?

அம்பாசிடருக்குத் தனிச் சட்டகம் கிடையாது. பாடியே எலும்புக்கூடும். ஆகவே துரு வெறும் அழகுக் குறை அல்ல, வண்டியின் வலிமையையே தின்கிறது. கால்மிதி விரிப்புகளைத் தூக்கித் தரைத் தகட்டைப் பாருங்கள். கதவுக்குக் கீழே ஓடும் பக்கவாட்டுப் பெட்டி, ஜாக்கி வைக்கும் இடம், கதவுகளின் அடிவிளிம்பு, டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் பள்ளம், முன்கண்ணாடி ரப்பரின் கீழ்மூலைகள் ஆகிய இடங்களில் ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டுங்கள். ஓசை மந்தமாக வந்தால் உள்ளே பள்ளத்தை அடைத்த பட்டிப் பூச்சோ துருவோ இருக்கிறது. முன்புறத்தில் ரேடியேட்டரைத் தாங்கும் தகட்டையும் பாருங்கள். கிரில் கடைசியில் தொங்கப்போவது அதன் அண்டைப் பகுதியில்தான்.

மணல் வீச்சில் பெயின்ட்டை எடுக்கலாமா?

சேசிஸ் உறுப்புகளுக்கும் சக்கரங்களுக்கும் தாராளமாக. பானெட், கூரை, கதவு போன்ற அகலமான தகடுகளுக்கு வேண்டாம். அந்த வீச்சில் தகடு நெளிந்துவிடும், பிறகு எந்த டிங்கராலும் முழுமையாகச் சரிசெய்ய முடியாது. அவற்றுக்குப் பெயின்ட் ரிமூவரும் கையால் தேய்ப்பதும்தான். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் தண்ணீர் விட்டுத் தேயுங்கள், முகக்கவசம் அணியுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

பழைய கிரில்லைக் காப்பாற்ற முடியுமா, புதிது செய்வதா?

காப்பாற்ற முடியுமானால் காப்பாற்றுங்கள். முதலில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் அலுமினியம், பித்தளை, எவர்சில்வர் என்று ஏதாவதொன்று, அதாவது பெரும்பாலும் யாரோ பின்னால் செய்து மாட்டியது. வளைவும் நெளிவும் பெரிய குறையல்ல. மரக்கட்டையில் வைத்து மரச்சுத்தியால் பொறுமையாகத் தட்டி நேராக்கலாம். இரண்டு மூன்று கம்பிகள் உடைந்திருந்தாலும் ஒட்டலாம். ஓட்டை விழும் அளவுக்குத் துரு உள்ளே இறங்கியிருந்தால் மட்டும் அதை மாதிரியாக வைத்துக்கொண்டு புதிதைச் செய்யுங்கள்.

கதவுப் பிடி, எழுத்து வில்லை போன்ற சிறு உறுப்புகள் வேறு கதை. அவை பெரும்பாலும் துத்தநாகக் கலவை வார்ப்புகள். அவற்றின் முலாமில் தெரியும் சிறு கொப்புளங்கள் உள்ளே குழியாக இறங்கியிருக்கும். அமிலத் தொட்டியில் போட்டால் குழி இன்னும் பெருகும். அந்த வகை முலாம் வேலையில் பழகியவரிடம் மட்டும் கொடுங்கள்.

குரோம் முலாம் போடக் கொடுக்கும்போது என்ன சொல்ல வேண்டும்?

நான் இதைச் சொல்லத் தவறியதால் ஒரு கிரில்லை இழந்தேன். பல மாதங்கள் தேடிக் கிடைத்த அசல் மார்க் 2 கிரில் அது. முலாம் பட்டறைக்குக் கொடுத்தேன், கண்ணைப் பறிக்கும் பளபளப்போடு திரும்பி வந்தது. மாட்டிப் பார்த்தபோதுதான் புரிந்தது: கட்டங்களின் கூர்மையான விளிம்புகள் எல்லாம் மெருகேற்றும் பஃபிங் சக்கரத்தில் தேய்ந்து, சோப்புக்கட்டி போல மழுங்கியிருந்தன. தேய்த்த உலோகம் திரும்பி வராது.

நல்ல முலாமுக்கு மூன்று அடுக்குகள்: அடியில் செம்பு, நடுவில் நிக்கல், மேலே குரோம். மேலடுக்கு ஒரு மைக்ரானுக்கும் மெல்லியது. கீழே இருக்கும் குழியையும் கீறலையும் அது மூடாது. குழிகளை நிரப்ப வேண்டியது செம்பு அடுக்கு. ஆகவே செம்பு பூசி, தேய்த்து, குழி மறையும்வரை மறுபடி செம்பு பூசச் சொல்லுங்கள். இரும்பைத் தேய்த்துக் குழியை எடுக்க வேண்டாம் என்று எழுதியே கொடுங்கள். விளிம்புகளைக் கையால் மட்டும் மெருகேற்றச் சொல்லுங்கள். செம்பு அடுக்கு முடிந்ததும் நேரில் போய்ப் பாருங்கள். கொடுப்பதற்கு முன் எல்லாக் கோணத்திலும் புகைப்படம் எடுத்துவைப்பதும் அவசியம்.

சந்தையில் கிடைக்கும் புதிய கிரில் வாங்கலாமா?

சென்னைப் புதுப்பேட்டை போன்ற உதிரிபாகச் சந்தைகளில் பழையதும் புதியதும் கிடைக்கின்றன. வாங்கும்போது உங்கள் கிரில்லின் வடிவத்தில் வெட்டிய அட்டை மாதிரியைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். கட்டங்களின் எண்ணிக்கை, துளைகளின் இடம், ஓரத்து வளைவு மூன்றையும் ஒப்பிடுங்கள். புதிதாகச் செய்தவற்றில் வளைவுதான் முதலில் பிசகும். தட்டையாக இருக்கும் கிரில்லைத் திருகு வைத்து இறுக்கி வளைத்தால் ஓராண்டுக்குள் ஓரத்தில் விரிசல் விடும்.

புதிதாகச் செய்வதென்றால் எந்த உலோகம்?

காரின் பயன்பாடும், உங்கள் ஊரும், செய்பவரின் கைப்பழக்கமும் சேர்ந்துதான் இதைத் தீர்மானிக்கின்றன.

எவர்சில்வர் என்றால் 304 தரம் கேளுங்கள். 202 தரம் மலிவு, பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் கடற்கரை ஊர்களில் ஒரே மழைக்காலத்தில் பழுப்புப் புள்ளிகள் தோன்றிவிடும். காந்தம் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது. தகட்டின் ஆலைச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். மார்க் 2இன் கட்டக் கிரில்லுக்கு எவர்சில்வரில் ஒரு நல்ல முறை உண்டு. 1.2 மி.மீ. பட்டைகளை லேசரில் வெட்டி, ஒவ்வொன்றிலும் பாதி ஆழத்துக்குப் பிளவு போட்டு, நெடுக்குப் பட்டைகளையும் குறுக்குப் பட்டைகளையும் ஒன்றுக்குள் ஒன்று கோத்துவிடலாம். பிறகு பின்பக்கத்தில் மட்டும் ஆர்கான் வெல்டிங்கில் புள்ளி புள்ளியாக ஒட்ட வேண்டும். முன்பக்கம் தீ படாததால் நிறம் கெடாது. முலாமும் வேண்டாம், மெருகேற்றினால் போதும். ஒரு குறை சொல்ல வேண்டும்: எவர்சில்வரின் வெண்மை குரோமின் நீலச் சாயலோடு ஒத்துப்போகாது. பக்கத்தில் பம்பர் குரோமில் இருந்தால் வித்தியாசம் தெரியும்.

என் இரண்டாவது கிரில் பித்தளையில் செய்தது. பித்தளை சொன்னபடி கேட்கும். அரம் போட்டால் விளிம்பு கத்தி போல நிற்கும். வெள்ளிப்பற்று வைத்தால் இணைப்பு தெரியாது. முலாமையும் நன்றாக ஏற்கும். ஈயப்பற்று மட்டும் வேண்டாம். பஃபிங் சூட்டிலேயே அது இளகிவிடும். குத்துவிளக்கு, பாத்திர வேலை செய்யும் கைகள் நம் ஊர்களில் இன்னும் இருக்கின்றன. கார் வேலையே பார்த்திராத ஒரு பாத்திரப் பட்டறைக்காரர்தான் என் கிரில்லின் ஓரச் சட்டத்தை வளைத்துக் கொடுத்தார், அசலுக்கும் அதற்கும் ஒரு மயிரிழைகூட வேறுபாடு இல்லை. பித்தளையின் கஷ்டம் அதன் எடை. இரும்பைவிடவும் கனம், அலுமினியத்தைவிட மூன்று மடங்குக்கு மேல். தாங்கும் கொக்கிகளைக் கூடுதலாக வைக்காவிட்டால் நம் சாலையின் அதிர்வில் கிரில்லின் கால்கள் முறியும்.

அலுமினியம், அசலை ஒட்டாமல் தன் கற்பனையில் கிரில் செய்கிறவர்களுக்கு ஏற்றது. வீட்டு ஜன்னல் சட்டத்துக்குப் பயன்படும் 6063 வகை எளிதில் கிடைக்கிறது, அனோடைசிங் என்னும் மின்வேதிப் பூச்சும் சீராக ஏறும். கிடைமட்டப் பட்டைகள் கொண்ட எளிமையான கிரில்லுக்கு இதையே பரிந்துரைப்பேன். ஆனால் இரும்புத் திருகோடு நேரடியாகப் படவிடாதீர்கள். ஈரக் காற்றில் இரண்டு உலோகமும் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கப்படும். இடையில் நைலான் வாஷர் வையுங்கள்.

சாதா இரும்பில் செய்து பவுடர் கோட்டிங் கொடுப்பது மலிவான வழி. கறுப்புக் கிரில் வேண்டுமானால் குறையில்லை. முப்பரிமாண அச்சில் பிளாஸ்டிக் கிரில் செய்து வெள்ளி பெயின்ட் அடிப்பதை நான் ஏற்க மாட்டேன். வெயிலில் நிற்கும் கார் முகத்தில் மலிவான பிளாஸ்டிக் வளைந்துவிடும். அந்த அச்சை வார்ப்புக்கான மாதிரியாகப் பயன்படுத்துவது மட்டும் மிக நல்ல யோசனை.

அளவு எடுப்பது எப்படி?

டேப் போதாது. கார் முகத்தில் நேர்கோடு என்பதே குறைவு. தடித்த அட்டையைத் திறப்பின் மேல் வைத்து, ஓரத்தைப் பென்சிலால் உரசி வடிவம் எடுங்கள். அதை வெட்டி, திருத்தி, மறுபடி பொருத்திப் பாருங்கள். இடது பாதியை மட்டும் எடுத்து வலதுக்குத் திருப்பிப் போடாதீர்கள். அறுபது வயதுக் காரில் இரண்டு பக்கமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். அட்டை சரியானதும் மெல்லிய தகட்டில் ஒரு மாதிரி, அதன் பிறகே உலோகம். மிக முக்கியமான ஒன்று: பானெட், மட்கார்டு, பம்பர் எல்லாவற்றையும் மாட்டி இடைவெளிகளைச் சரிசெய்த பின்னரே அளவு எடுங்கள். டிங்கர் வேலைக்கு முன் எடுத்த அளவு பின்னால் உதவாது.

கட்டங்களுக்குப் பதில் கம்பி வலை வைக்கலாமா?

வைக்கலாம், காற்று போகும் வழியைக் கணக்கிட்டுவிட்டு. 2 மி.மீ. கம்பியில் 10 மி.மீ. கண் உள்ள வலையில் பரப்பில் 69 விழுக்காடு திறந்திருக்கும். 1 மி.மீ. கம்பியில் 3 மி.மீ. கண் என்றால் 56 விழுக்காடு. துளையிட்ட தகடு, அதாவது 5 மி.மீ. துளைகள் 8 மி.மீ. இடைவெளியில் மாற்று வரிசையாக வருவது, வெறும் 35 விழுக்காடுதான். பார்வைக்கு அழகான அந்தத் தகட்டைப் போட்டுவிட்டு மே மாத நெரிசலில் நின்றால் ரேடியேட்டர் கொதிக்கும். பழைய எஞ்சினின் விசிறி எஞ்சின் வேகத்தில்தான் சுற்றுகிறது என்பதால், நிற்கும்போதுதான் காற்று மிகக் குறைவு.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை?

வெயிலில் உலோகம் நீளும். ஒரு மீட்டர் அலுமினியப் பட்டை 40 டிகிரி சூடு ஏறினால் ஏறத்தாழ 0.9 மி.மீ. நீளும். ஆகவே நடுவில் ஒரு திருகை இறுக்கமாக வைத்து, ஓரத் துளைகளை நீள்வட்டமாக்குங்கள். ஒவ்வொரு தாங்கு புள்ளியிலும் ரப்பர் வையுங்கள். புதிய துளை எதையும் பாடியில் போடாமல் பழைய துளைகளையே பயன்படுத்தும்படி கொக்கிகளை வடிவமைத்தால், நாளை அசல் கிரில் கிடைக்கும்போது பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம்.

மார்க் 4 காருக்கு மார்க் 2 முகம் வைக்க முடியுமா?

முடியும், ஆனால் கிரில்லை மட்டும் வாங்கினால் நடக்காது. மார்க் 4இன் திறப்பு சிறியது, விளக்குகளின் அமைப்பும் வேறு. முகப்புத் தகட்டையே மாற்ற வேண்டும். அதற்காக ஒரு நல்ல மார்க் 2 காரை உடைப்பார்கள் என்றால் தயவுசெய்து வேண்டாம். மார்க் 4க்கும் அதற்கே உரிய முகம் உண்டு. அதையே சீராக்கிப் பளபளப்பாக நிறுத்தினால் பலருக்குத் தம் வீட்டுக் கார் நினைவுக்கு வரும்.

இன்றைய பெட்ரோலில் பழைய எஞ்சின் ஓடுமா?

ஓடும். இந்தியா 2000இல் ஈயம் கலந்த பெட்ரோலைக் கைவிட்டது. 1489 சி.சி. எஞ்சினின் எக்ஸாஸ்ட் வால்வு இருக்கைகள், அதாவது வால்வு மூடும்போது வந்து அமரும் விளிம்புகள், ஈயத்தின் பாதுகாப்பை நம்பி வடிவமைக்கப்பட்டவை. எஞ்சினைப் பிரிக்கும்போதே கடினப்படுத்திய இருக்கைகளை லேத் பட்டறையில் பொருத்திவிடுங்கள். எத்தனால் கலப்பு பழைய ரப்பரைக் கரைக்கும். பெட்ரோல் குழாய், பம்ப் டயாஃப்ரம், கார்புரேட்டர் வாஷர்கள் எல்லாவற்றையும் எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். மாதக்கணக்கில் நிறுத்துவதானால் டாங்கில் பெட்ரோலை விடாதீர்கள்.

மின்சார வேலையில்?

பேட்டரியை இணைக்கும் முன் எர்த் எந்தப் பக்கம் என்று பாருங்கள். அக்காலத்துப் பிரிட்டிஷ் வழிக் கார்களில் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்திருப்பது வழக்கம். மாற்றிக் கொடுத்தால் சேதம். ஏழு அங்குல முகவிளக்கில் ஹாலஜன் போடுவதானால் ரிலே, அதாவது விளக்கின் மின்னோட்டத்தைத் தனி ஒயரில் விடும் மின்சுவிட்ச், வைத்துச் செய்யுங்கள். துணி சுற்றிய பழைய ஒயர் கூடுதல் மின்னோட்டத்தைத் தாங்காது.

எதை முதலில் முடிப்பது?

பிரேக். எஞ்சினுக்கும் முன்னால், கிரில்லுக்கு மிகவும் முன்னால். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர் ரப்பர்கள், இரும்புக் குழாய்கள் எல்லாம் புதிதாக இருக்கட்டும். நெடுஞ்சாலையில் ஓட்டுவதானால் பின்னாளைய அம்பாசிடரின் டிஸ்க் பிரேக்கைப் பொருத்துவதை நான் வரவேற்கிறேன். அசல் டிரம்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கழற்றிய பழைய கிரில்லை என்ன செய்வது?

எவ்வளவு நைந்திருந்தாலும் எடைக்குப் போடாதீர்கள். மண்ணெண்ணெயில் கழுவி, உலர்த்தி, மெல்லிய எண்ணெய் பூசி, பருத்தித் துணியில் சுற்றுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கும். கார் எண், கழற்றிய தேதி இரண்டையும் எழுதிய அட்டையைக் கட்டி, தரையில் சாய்க்காமல் சுவரில் தொங்கவிடுங்கள். விளிம்பு மழுங்கிய என் கிரில் இப்போது அப்படித்தான் தொங்குகிறது. சேலத்திலிருந்து ஒருவர் சென்ற மாதம் வந்து அதிலிருந்து கட்டங்களின் இடைவெளியையும் துளைகளின் இடத்தையும் அளந்துகொண்டு போனார். அவருடைய மார்க் 2க்கு எவர்சில்வர் பட்டைகள் லேசரில் வெட்டி முடிந்துவிட்டன, அடுத்த வாரம் கோக்கிறார்கள்.